அப்பாவின் வண்டியும் 40 லிட்டர் கேனும்

எங்கள் உத்திரமேரூரில் அழியாத பொருள்கள் மூன்று உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, எங்கப்பாவின் டி.வி.எஸ். 50, அதில் ஏறிப் போகும் அலுமினியப் பால் கேன்.

கல்வெட்டுக்கு வயசு 1,100. மற்ற இரண்டையும் பார்த்தால் அதற்கு அண்ணன்கள் மாதிரி இருக்கும்!

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது, இரண்டு பேர் போகக்கூடிய நம் நாட்டின் முதல் மொபெட் என்று பெயர் வாங்கியது. கிராமத்தார் இரண்டு பேரோடு விட்டார்களா என்ன? முன்னால் ஒரு மூட்டை புண்ணாக்கு, பின்னால் புல்லுக்கட்டு, இடைவெளியில் ஓட்டுகிற மனுஷன். ஏரிக்கரை, வரப்பு, சேறு எதுவானாலும் போகும். சேற்றில் மாட்டினால் ஜீப்புக்கு டிராக்டர் வேண்டும். இதற்கு இறங்கித் தூக்கினால் போதும்.

கேன் மட்டும் லேசுப்பட்டதா? 40 லிட்டர் பிடிக்கும். துருப்பிடிக்காது. உள்ளே மூலை முடுக்கு இல்லாததால் கையை விட்டுக் கழுவலாம். நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். பால் சுமக்க லாயக்கில்லை என்றானதும் வீட்டுக்குள் வந்து அரிசி சுமக்கும். அப்புறம் மாட்டுக்கொட்டகையில் தவிடு. கவர்ன்மென்ட் உத்தியோகத்தில்கூட இத்தனை எக்ஸ்டென்ஷன் கிடையாது.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் முதலில் தேய்மானம்தான் கண்ணில் படும். பத்து வருஷ ஆயுசு என்று வைத்தால், 1986-ல் வாங்கிய இந்த வண்டியின் மதிப்பு 1996-லேயே பூஜ்யம். போன ஞாயிற்றுக்கிழமை தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

"வண்டியை இரும்புக் கடையில போட்டுடலாம்ப்பா."

அப்பா நிமிர்ந்தார். "வண்டிக்கு வயசாயிடுச்சுங்கிறியா, எனக்கு வயசாயிடுச்சுங்கிறியா?"

மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் விஷயமே அதுதான். போன மாசம் பால் சொசைட்டி வாசலில் பார்த்தேன். கேன் வண்டி மேலேயே இருந்தது. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, தெரிந்த ஆள் யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு இப்போது 71.

நேராகச் சொல்ல வாய் வரவில்லை. கல்வெட்டைத் துணைக்கு அழைத்தேன். 921-ல், பராந்தக சோழன் காலத்தில் எழுதியது. ஏரி வாரியம், தோட்ட வாரியத்துக்கெல்லாம் குடவோலையில் ஆள் எடுக்க வயசு வரம்பு 35-லிருந்து 70 வரை.

"சோழர் காலத்துலயே எழுபது தாண்டினா குடத்துல பேரைப் போட மாட்டாங்கப்பா."

"அதே கல்வெட்டுல, பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் பேரையும் போடக்கூடாதுன்னு இருக்கே, படிச்சியா? அவன் மட்டுமில்ல, மச்சான், மாமனார் வரைக்கும் தள்ளுபடி."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்து போட்டார். முதல் பக்கத்தில் வண்டி வாங்கிய விலை. அப்புறம் பிளக், செயின், பிரேக் ஷூ, டயர், கேனுக்கு மூடி... தேதியோடு, பைசா சுத்தமாக. நான் பிறந்த அன்று: 'ஆஸ்பத்திரி, பெட்ரோல் 2 லிட்டர்'. மேலே ஒரு வார்த்தை கிடையாது.

"சரி, உன் பைக்குக் கணக்கைக் கொண்டா."

என் பைக்குக்கு மூணு வயசு. தவணை பாக்கி ஆறு. ஒரு சின்ன ஸ்பிரிங் போனதற்கு, "தனியா வராது சார், முழு செட்டா மாத்தணும்" என்று சர்வீஸில் பில் தீட்டினார்கள். அந்த பில் எங்கே என்று தெரியவில்லை. சோழ நாட்டில் நானும் என் மச்சானும் அன்றைக்கே அவுட்!

பொருள் உழைக்கிறது என்று நாம் இரும்பையும் அலுமினியத்தையும் புகழ்கிறோம். நாற்பது வருஷமாக எது போனாலும் அன்றைக்கே மாற்றி எழுதி வைத்த கைக்கு யார் மதிப்புப் போட்டார்கள்?

காலேஜில் இன்னொரு தேய்மான முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் மீதி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கழிப்பது. எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் வராது. பரீட்சைக்குப் படித்ததோடு மறந்துவிட்டேன்.

இப்போது காலை ஆறு மணிக்கு நானும் சொசைட்டிக்குப் போகிறேன். வண்டி அப்பா ஓட்டுகிறார். கேன் இறக்குவது மட்டும் நான். நேற்று டைரியை ரகசியமாகத் திறந்து பார்த்தேன். புது வரி ஒன்று:

'கூலி ஆள் 1. தினசரி டீ செலவு 12 ரூபாய்.'