பள்ளிக்குப் போக எந்த மிதிவண்டி?

மாணவர்களே, உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "சார், ரோட் பைக் வாங்கலாமா, ஹைப்ரிட் வாங்கலாமா?" கேட்கும் முகத்தைப் பார்த்தாலே தெரியும், மனம் ஏற்கெனவே வளைந்த கைப்பிடி வைத்த ரோட் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. என் பதில் பிடிக்காமல் போகலாம். பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்வரத்தான் என்றால் ஹைப்ரிட்டே போதும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

ரோட் பைக்கின் பலம் குனிந்து ஓட்டுவதில் இருக்கிறது. குனிந்தால் உங்கள் உடல் காற்றில் மோதும் பரப்பு குறைகிறது. ஆனால் வேகம் இரட்டிப்பானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து மிதிக்கத் தேவையான திறன் எட்டு மடங்காகும். இதைத் திருப்பிப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், நிமிர்ந்து ஓட்டுபவரைவிடக் குனிந்து ஓட்டுபவருக்குச் சுமார் 70 வாட் மிச்சம். அது பெரிய லாபம். வேகத்தை 15 கிலோமீட்டராகக் குறைத்தால் மிச்சம் ஏறக்குறைய 9 வாட்தான். ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு தாமானுக்குள் மேடு, சந்திப்பு, ஓரத்தில் நிறுத்திய கார்கள் எல்லாவற்றையும் கடந்து போகும் நீங்கள் எந்த வேகத்தில் போவீர்கள்?

எடை குறைவு என்பீர்கள். உண்மைதான், இரண்டு மூன்று கிலோ குறையும். உங்கள் புத்தகப் பையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

டயர் விஷயம்தான் எனக்கு முக்கியம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று படித்திருக்கிறீர்கள். நீங்கள், பை, மிதிவண்டி எல்லாம் சேர்ந்து 70 கிலோ, அதாவது ஏறக்குறைய 700 நியூட்டன் என்று வையுங்கள். ரோட் பைக் டயரில் 90 பிஎஸ்ஐ காற்று இருந்தால் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 11 சதுர சென்டிமீட்டர். ஒரு டயருக்கு, 50 சென் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடம். ஹைப்ரிட்டில் 50 பிஎஸ்ஐ என்றால் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர். அகலமான, மென்மையான டயர் குழியின் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். சாக்கடை இரும்பு மூடியின் இடுக்கில் எளிதில் இறங்காது. நவம்பரில் பருவமழை தொடங்கியதும், தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத நம் சாலைகளில் இது சின்ன விஷயமில்லை. மழைநீரை முதுகில் வாரி இறைக்காமல் தடுக்கும் மட்கார்டு மாட்டவும் பெரும்பாலான ஹைப்ரிட்களில் இடமுண்டு.

"அசிசுல்ஹஸ்னி அவாங் ஓட்டும் பைக்கைப் பாருங்கள் சார்" என்று ஒரு மாணவன் சொன்னான். நல்ல உதாரணம். 2017-இல் கெய்ரின் உலகச் சாம்பியன் ஆனவர். அவருடைய தடகள மிதிவண்டியில் பிரேக்கே கிடையாது! நீலாய் வெலோட்ரோமில் எதிரே லாரி வராது, சந்திப்பு கிடையாது, எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். அங்கே அது சரி.

சாலையில் என்ன ஆகும் என்பது ஜொகூர்காரர்களான நமக்குத் தெரியும். அதே 2017, பிப்ரவரி 18 விடியற்காலை, ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாமில் 'பாசிக்கால் லாஜாக்' மிதிவண்டிகளில் இருந்த பதின்ம வயதுப் பையன்கள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள். யார் குற்றம் என்பதை நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் விசாரித்தன. அது என் பாடமில்லை. லாஜாக் எப்படி உருவாகிறது என்பது என் பாடம். கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி, உடலைப் படுக்கவைத்து, காற்றுத் தடையைக் குறைக்கிறார்கள். அறிவியல் சரிதான். ஆனால் காற்றுத் தடையைக் குறைப்பவனுக்கு நிற்கும் தூரம் நினைவில் வருவதில்லை. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் நான்கு மடங்கு. பிரேக்கே இல்லையென்றால் என்ன கணக்குப் போடுவது?

ரோட் பைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வார இறுதியில் பெரியவர்களோடு குழுவாக 50, 60 கிலோமீட்டர் போகிறீர்கள் என்றால் அதையே வாங்குங்கள், நானே சிபாரிசு செய்கிறேன்.

எதை வாங்கினாலும் கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். சட்டத்தின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் வைத்து நின்றால், குழாய்க்கும் உங்களுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பிறகு பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்துங்கள். பிடி கைப்பிடியைத் தொட்டால், சரிசெய்து தரும்வரை காசு கொடுக்காதீர்கள்.