கணக்கில் நிற்பவரும் நிற்காதவரும்

2024 இறுதியில் உலகில் 12 கோடி 32 இலட்சம் பேர் வலுவில் இடம்பெயர்ந்திருந்தனர் என்பது அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயத்தின் கணக்கு. இவர்களிற் பாதிக்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டு எல்லையைக் கடவாதவர்கள். 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தின்படி எல்லை கடந்தவரே அகதி. 1990 ஆவணியில் இராணுவம் ஊர்காவற்றுறைப் பக்கம் இறங்கியபோது சட்டி பானையோடு பண்ணைப் பாலம் கடந்தவரை நாங்கள் அகதி என்றுதான் சொன்னோம். ஜெனீவாவின் ஏட்டில் அவருக்கு வேறு பெயர். அவரைப் பற்றிய ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் வந்ததே 1998இல். அதற்குள் எட்டு வருடம் போய்விட்டது.

எண்ணிக்கை வெறும் கடதாசி விடயமல்ல. நிவாரணமும் வீட்டுத்திட்டமும் அதைப் பார்த்தே வரும். பாராளுமன்ற ஆசனமும் அப்படியே. வடக்கில் 1981க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் முடிந்தது. நடுவில் ஒரு தலைமுறையே எண்ணப்படாமல் வளர்ந்தது. யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் சேர்த்து, 2010 தேர்தலில் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. ஆசனம் பதிவான வாக்காளர் தொகையைக் கொண்டு பங்கிடப்படுவதால் வந்த குறைவு இது. எல்லாம் சதி என்று சொல்ல நான் ஆயத்தமில்லை. புங்குடுதீவாரில் எத்தனையோ குடும்பங்கள் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் அடுப்பு மூட்டுகின்றன. ஆனால் அவர்களும் விருப்பத்தோடு போனவர்களல்லவே.

எனக்கு உறுத்துவது 'மீள்குடியேறியோர்' என்ற நிரல். பதிவு முடிந்ததும் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தோர் தொகையிலிருந்து கழிக்கப்படுகிறது. திரும்பிப் போனவர் கண்டது என்ன? வளவு முழுக்கப் பற்றை. கிணறு தூர்ந்தோ உவர்ந்தோ கிடக்கிறது. காணி உறுதி ஓட்டத்தில் தொலைந்தது. எல்லைக் கதியாலும் இல்லை. புகையிலையும் வெங்காயமும் வைத்துப் பிழைத்தவர் கூலிக்குப் போகிறார். ஆனாலும் ஏட்டின்படி அவருடைய இடப்பெயர்வு முடிந்துவிட்டது! ஊர் திரும்புவதோடு இடப்பெயர்வு முடிவதில்லை, அதனால் வந்த தேவைகள் தீரவேண்டும் என்று ஐ.நா. முகவரகங்கள் சேர்ந்து வகுத்த 2010ஆம் ஆண்டுச் சட்டகமே சொல்கிறது.

ஆகவே தலையை எண்ணுகிறவர்கள் தண்ணீரையும் காணியையும் எண்ணட்டும். விதானையார் படிவத்தோடு வந்தால் ஆள்தொகையை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எத்தனை பரப்புத் தரிசாய்க் கிடக்கிறது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, உறுதி கையில் உண்டா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் இடமில்லையென்றால் தனித்தாளில் எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.