இருக்கைக்குக் கீழே கிடந்த கடதாசி



எனக்குப் பழைய கார்கள் பிடிக்கும். இடதுசாரி என்றால் வி8 எஞ்சின் சத்தம் கேட்டதும் காதைப் பொத்தவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கோடை வந்தால் ஸ்காபரோவில எங்கட பெடியள் பார்க்கிங் லொட்டில் காரை நிறுத்தி, பொனட்டைத் திறந்துவைத்துக் கதைப்பார்கள். நானும் போய் நின்று கேட்பேன். கேட்கக் கேட்க ஒரு விஷயம்தான் உறுத்தும். இந்தக் கதைகளில் எஞ்சின் இருக்கும், விலை இருக்கும், வாங்கினவர் பேர் இருக்கும். செய்தவர் இருக்கமாட்டார்.

அவர்கள் அடிக்கடி கதைக்கிற காரையே எடுப்போம்: 1971 பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள். மொத்தமாகச் செய்ததே ஒரு டசினைத் தாண்டாது. 2014 ஜூனில் சியாட்டில் ஏலத்தில் ஒன்று 35 லட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது.

ஏன் அவ்வளவு அரிது? அன்றைக்கு வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். 7 லிட்டர் எஞ்சின், 425 குதிரைவலு, விலையும் கூட. காப்புறுதிக் கம்பனிகள் இப்படியான கார்களுக்குக் கட்டணத்தைத் தாறுமாறாக ஏற்றின. புகைக் கட்டுப்பாடுகளும் இறுகின. அந்த ஆண்டோடு கிறைஸ்லர் அந்த எஞ்சினையே கைவிட்டது. ஷோரூமில் விலைபோகாத சாமான்தான் இன்றைக்குக் கோடீஸ்வரர்களின் கராஜில் நிற்கிறது.

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தக் கார் எங்கே செய்யப்பட்டது என்று கேட்டுப் பாருங்கோ. டெட்ரோயிட் நகரம் சுற்றிவர நிற்க, நடுவில் ஹம்ட்ராம்க் என்றொரு சின்ன நகரம் இருக்கிறது. அங்கே இருந்த 'டொட்ஜ் மெயின்' தொழிற்சாலையில்தான்.

அதே தொழிற்சாலையில், 1968இல், லைனின் வேகத்தை மணிக்கு 49 காரிலிருந்து 58 காராகக் கூட்டினார்கள். ஆளைக் கூட்டவில்லை. மே 2ஆம் திகதி, சங்கத்தின் அனுமதி இல்லாமலே, ஏறத்தாழ 4,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். கறுப்பினத் தொழிலாளரும் போலந்து வம்சாவளிப் பெண்களும் ஒன்றாக மறியலில் நின்றார்கள். தண்டனை மட்டும் ஒன்றாக வரவில்லை. கறுப்பினத் தொழிலாளர் மேல்தான் அது கடுமையாக விழுந்தது. வேலை பறிபோனவர்களில் ஒருவர் ஜெனரல் பேக்கர். ஜெனரல் என்பது பட்டம் இல்லை, அவருடைய பேர். அவரும் தோழர்களும் தொடங்கியதுதான் 'டிரம்' என்ற டொட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம். முதலாளியோடு மட்டுமல்ல, தங்களைக் கைவிட்ட சொந்தச் சங்கத் தலைமையோடும் அவர்கள் மோதவேண்டியிருந்தது.

1970 மே மாதம், கிறைஸ்லரின் எல்டன் அவெனியூ ஆலையில், வியட்நாமிலிருந்து உயிரோடு திரும்பிய 22 வயதுப் பெடியன் ஒருவன் பழுதான ஃபோர்க்லிஃப்டில் நசுங்கிச் செத்தான். நாங்கள் 'மஸில் கார்களின் பொற்காலம்' என்று சொல்லுகிற காலம் இதுதான்.

இனி அந்தக் கடதாசிக்கு வருகிறேன். ஒரு பழைய கார் அசல்தானா என்று பார்க்க, சேகரிப்பாளர்கள் 'பில்ட் ஷீட்' என்ற தாளைத் தேடுவார்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பொக்ஸ், எந்த நிறம் என்று லைனில் நின்ற தொழிலாளருக்குச் சொன்ன குறிப்பு அது. வேலை முடிந்ததும் பல தாள்கள் இருக்கையின் ஸ்பிரிங்குக்குள்ளோ தரைவிரிப்புக்குக் கீழேயோ அப்படியே விடப்பட்டன. இன்றைக்கு அது கிடைத்தால் காரின் விலை ஏறும். தொழிலாளியின் கையில் இருந்த தாளுக்கு மதிப்பு உண்டு, அந்தக் கைக்கு இல்லை.

சியாட்டில் ஏலத்துக்கு ஒரு மாதம் முன்னர்தான் பேக்கர் இறந்தார். டொட்ஜ் மெயின் 1980இலேயே மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது.

'அது அமெரிக்காக் கதை, எங்களுக்கு என்ன?' என்று கேட்கலாம். இந்தக் காலத்து டொட்ஜ் சலெஞ்சர் செய்யப்பட்டது எங்கட பிரம்டனில். கடைசியாக வந்த 'டீமன் 170' இன் உற்பத்திக்கு 3,300 என்று முதலே எல்லை போட்டார்கள். 1971இல் விற்காமல் போனதால் வந்த அரிதுத்தன்மையை, இப்போது திட்டம்போட்டே தயாரித்து விற்கிறார்கள். 2023 டிசம்பரில் அந்த லைன் நின்றது. அடுத்து ஜீப் கொம்பஸ் வரும் என்றார்கள். அரசுகளும் பொதுப்பணம் தர ஒப்புக்கொண்டன. 2025 ஒக்டோபரில் அந்த வேலையை இல்லினோயிக்குக் கொண்டுபோவதாக ஸ்டெலான்டிஸ் அறிவித்தது. நடுத்தெருவில் நிற்பது ஏறத்தாழ 3,000 தொழிலாளர். அவர்களுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த சின்னத் தொழிற்சாலைகளின் ஆட்கள் இந்தக் கணக்கில் இல்லை. எங்கட அம்மா அப்பாமாரில் எத்தனை பேர் அப்படியான இடங்களில், ஏஜென்சி மூலம், இரவு ஷிஃப்ட் செய்து எங்களை வளர்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் கார் மீட்டுகளைப் புறக்கணியுங்கோ என்று நான் சொல்லமாட்டேன். போங்கோ. அங்கே நிற்கிற பெடியளும் பெட்டையளும் எங்கட ஆட்கள்தான், பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். துண்டுப்பிரசுரத்தை நீட்டுவதற்கு முதல், எஞ்சினைப் பற்றிக் கதையுங்கோ. பிறகு இந்தக் கார் எந்த ஆலையில் செய்தது, அங்கே லைன் என்ன வேகத்தில் ஓடினது, அந்த ஆலைக்கு இப்ப என்ன நடந்தது என்று கேளுங்கோ. பிரம்டன் ஆலையைப் பற்றிய பேச்சு அங்கேயிருந்து தானாக வரும்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. உதிரிப்பாக ஆலைகளில் வேலை செய்த மாமா, மாமி, சித்தி யாராவது இருந்தால், ஃபோனை எடுத்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கோ. பழைய சம்பளத் துண்டு, ஷிஃப்ட் அட்டவணை, வேலைநீக்கக் கடிதம் எதையும் எறியவிடாதீர்கள். காருக்கு பில்ட் ஷீட் இருப்பதுபோல, எங்கட உழைப்புக்கும் கடதாசி இருக்கவேண்டும். அதை யாரும் ஏலத்தில் எடுக்கப்போவதில்லை. நாங்கள்தான் வைத்திருக்கவேண்டும்.