கைவிடப்பட்ட பெட்டிகளின் சாவி

டிவிக்குக் கீழே இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி நாலைந்து வருடத்தில் குப்பைக்குப் போவது பெரும்பாலும் அது கெட்டுப்போவதால் அல்ல. சிப் ஓடுகிறது, ரிமோட் வேலை செய்கிறது, படமும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தயாரித்த நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிட்டது. செயலிகள் ஒவ்வொன்றாக ‘இந்தக் கருவியில் இனி இயங்காது’ என்று கைவிரிக்கின்றன. பழைய மொபைல் போனுக்கும் இதே கதிதான். இந்தப் பெட்டிகளுக்கு மறுவாழ்வு கொடுக்கக்கூடிய திறந்த மூல மென்பொருள் இல்லாமல் இல்லை. 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தன்னார்வலர் கூட்டம் அதை எழுதிக்கொண்டே இருக்கிறது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மென்பொருளைப் புதிய கருவிக்குக் கொண்டுபோகும் பல முயற்சிகள் நிறுவனம் போட்ட பூட்டின் முன்னால் போய் நின்றிருக்கின்றன. விற்ற கருவிக்கு ஆதரவை நிறுத்தும் நாளில், எந்த மென்பொருளை ஏற்றுவது என்று தீர்மானிக்கும் அதன் பூட்லோடரைத் திறக்கும் வழியையும் அதன் வீடியோ டிகோடரை இயக்கும் விவரத்தையும் நிறுவனம் வெளியிட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். இது நன்கொடையாகக் கேட்பதல்ல. விலை கொடுத்து வாங்கிய பொருளின் மிச்சப் பாதியைக் கேட்பது.

கோடி என்று இன்று அறியப்படும் மீடியா சென்டர் மென்பொருளின் வரலாறே இதற்குச் சான்று. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படமும் பாட்டும் ஓட்டுவதற்காக 2002இல் தொடங்கிய வேலை அது. 733 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 64 எம்பி நினைவகம் மட்டுமே கொண்ட அந்தப் பெட்டியில், எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் 2004இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. பூட்டை உடைத்து மாற்றியமைத்த பெட்டியில் மட்டுமே அது ஓடும். மைக்ரோசாஃப்டின் கருவித்தொகுப்பு இல்லாமல் அதைத் தொகுக்க முடியாது என்பதால், எழுதியவர்களால் மூல நிரலை மட்டுமே வெளியிட முடிந்தது; ஓடக்கூடிய கோப்பைக் கொடுக்க முடியவில்லை. லினக்ஸ், விண்டோஸ், மேக் கணினிகளுக்கு 2008இல் வந்து சேர்ந்தபோது இந்தச் சிக்கல் எதுவும் எழவில்லை. அங்கே கதவு திறந்திருந்தது. 2011 ஜனவரியில் ஐபோனுக்கும் ஆப்பிள் டிவிக்கும் போனபோது மறுபடியும் ஜெயில்பிரேக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, கருவிகளில் மட்டும்தான். ஆண்ட்ராய்டுக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிக்கும் 2013 ஜனவரியில் 12ஆம் பதிப்பு வந்தது. எக்ஸ்பாக்ஸோடு தொடர்பே அற்றுப்போன பின் 2014இல் கோடி என்று பெயர் மாற்றினார்கள். நாற்று ஒன்றுதான். எந்த வயலில் வேர் பிடித்தது, எதில் பிடிக்கவில்லை என்பதை மண் தீர்மானிக்கவில்லை, வேலிதான் தீர்மானித்தது.

வேலி எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரு முழு எச்டி படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். நொடிக்கு 24 சட்டகம். சுருக்கி வைத்த கோப்பிலிருந்து இவற்றை விரித்தெடுக்கும் வேலையை, மலிவான பெட்டியின் பொது ப்ராசசர் தனியாகச் செய்ய முற்பட்டால் படம் திக்கித் திணறும். அதற்காகவே சிப்புக்குள் தனி டிகோடர் வைக்கிறார்கள். முதல் ராஸ்பெரி பையின் ப்ராசசர் வெறும் 700 மெகாஹெர்ட்ஸ். ஆனாலும் 1080பி படத்தை அலுங்காமல் ஓட்டியது அந்த டிகோடரின் தயவால்தான். ஆக, மீடியா சென்டர் ஒன்றைப் புதிய கருவிக்குக் கொண்டுபோவதென்றால் திரையில் பட்டன்களை வரைவது சின்ன வேலை, டிகோடரோடு பேசுவதுதான் பெரிய வேலை. அதற்கு சிப் நிறுவனம் வழி சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு சிப் நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழி. ஒரு பெட்டியில் உழைத்து எழுதியது அடுத்த பெட்டியில் செல்லாது. 2012இல் ஆண்ட்ராய்டு 4.1 மீடியாகோடெக் என்ற பொது வாசலைத் திறந்தது. எந்த சிப்பாக இருந்தாலும் அதே வாசலில் தட்டலாம் என்றானதும், தனித்தனியாக எழுதியவற்றைப் படிப்படியாகக் கழித்துவிட்டு கோடி ஒரே வழிக்கு வந்தது. நிரலை எழுதியவர்கள் திடீரென்று திறமைசாலிகள் ஆகிவிடவில்லை; ஒரு கதவு திறந்தது, அவ்வளவுதான்.

திறக்காத கதவுக்கு என்ன விலை என்பதற்கு ஆல்வின்னர் சிப்புகள் உதாரணம். மலிவான டேப்லெட்டுகளிலும் டிவி பெட்டிகளிலும் நிறையப் புழங்கும் இவற்றின் டிகோடர் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் பொறுமையாகத் துருவிக் கண்டறிந்தார்கள். அதன்மேல் முறையான லினக்ஸ் டிரைவர் எழுத, 2018இல் பூட்லின் என்ற பிரெஞ்சு நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. பணம் சேர்ந்தது, டிரைவர் எழுதப்பட்டது, லினக்ஸ் கர்னலின் 4.20 பதிப்பில் இடமும் பெற்றது. காசு கொடுத்து வாங்கிய சிப்பைப் பயன்படுத்த மறுபடியும் காசு வசூலிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் கோபம் வராமல் இருக்காது. எதிர்த்திசையில், ராஸ்பெரி பையின் சிப்பைச் செய்த பிராட்காம் 2014 பிப்ரவரியில் அதன் கிராஃபிக்ஸ் பகுதிக்கான ஆவணங்களையும் மூல நிரலையும் வெளியிட்டது. தொழில் ரகசியம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் அங்கே பலிக்கவில்லை. 2016க்குள் ஒரு கோடி ராஸ்பெரி பைகள் விற்றுத் தீர்ந்தன.

திருட்டு என்பதுதான் எப்போதும் முதலில் எழும் எதிர்ப்பு. பெட்டியைத் திறந்துவிட்டால் எல்லாரும் திருட்டுப் படம் பார்ப்பார்கள் என்கிறார்கள். இதே காரணத்தைச் சொல்லி 2015இல் அமேசான் தன் ஆப் ஸ்டோரிலிருந்து கோடியை நீக்கியது. இந்த எதிர்ப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருட்டு இணைப்புகளை ஏற்றிவைத்து ‘கோடி பெட்டி’ என்ற பெயரில் விற்றவர்கள் ஏராளம். ஆனால் கோடியில் எந்தப் படமும் கிடையாது, அது வெறும் தட்டு. சோற்றை எங்கிருந்து கொண்டுவருகிறோம் என்பது வேறு விஷயம். தங்கள் பெயரைக் கெடுக்கும் விற்பனையாளர்களுக்கு எதிராகக் கோடி குழுவினரே வணிகச்சின்ன உரிமையைக் கையிலெடுத்தார்கள். இப்படிப்பட்ட பெட்டியை விற்ற வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனபோது, 2017 ஏப்ரலில் வந்த தீர்ப்பு திருட்டு இணைப்புகளை ஏற்றி விற்ற செயலைத்தான் உரிமை மீறல் என்றது. குற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே கைவைக்க நீதிமன்றங்களுக்குத் தெரிகிறது. அதற்காக எல்லா வீட்டுக் கதவையும் ஆணியடித்து மூட வேண்டியதில்லை.

பாதுகாப்பு பற்றிய எதிர்ப்புக்கு இன்னும் கனம் உண்டு. பூட்லோடர் திறந்திருந்தால் யாரும் எதையும் ஏற்றலாம் அல்லவா? கூகிளின் பிக்சல் போன்களில் இதற்கு விடை இருக்கிறது: உரிமையாளர் கேட்டால் பூட்டைத் திறக்கலாம், திறக்கும்போது உள்ளே இருந்த தரவு முழுதும் அழிந்துவிடும், அதன்பின் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எச்சரிக்கை வரும். சந்தா கட்டிப் பார்க்கும் படங்களைக் காக்கும் மறைசாவிகளைப் பற்றிய கவலையும் தீராததல்ல. சோனி தன் எக்ஸ்பீரியா போன்களில் பூட்லோடரைத் திறந்தால் அந்தச் சாவிகள் அழியும்படி வைத்திருந்தது. எது வேண்டும் என்பதை உரிமையாளரே முடிவு செய்யட்டும். பூட்டியே வைத்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடுமா? தொழிற்சாலையிலிருந்தே தீநிரலோடு வந்த மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் 2023இல் அம்பலமாயின. புதுப்பிப்பு நின்றுபோன பெட்டியில் ஓட்டை விழுந்தால் அடைக்க அதன் நிறுவனம் வராது. வர விரும்புகிறவர்களையும் அந்தப் பூட்டு உள்ளே விடாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எல்லாத் தடையும் நிறுவனங்கள் போட்டவை அல்ல. விஎல்சி என்ற திறந்த மூல வீடியோ பிளேயர் 2011இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்படக் காரணம், அதன் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்துக்கும் ஸ்டோரின் விதிகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அதை எழுதியவர்களில் ஒருவரே முறையிட்டதுதான். உரிமத்தை மாற்றிக்கொண்டு 2013இல் அது திரும்பி வந்தது. சுதந்திர மென்பொருள்காரர்களும் தங்கள் பங்குக்கு வளைந்துகொடுக்க வேண்டிய இடம் உண்டு. ஆனால் அவர்கள் வளைந்துகொடுத்தார்கள் என்பதையும் இதே உதாரணம் காட்டுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஒரு மாடல் போனின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தரப்பட வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் அந்த விதி செட்டாப் பாக்ஸைத் தொடவில்லை, 5 ஆண்டு முடிந்தபின் சாவியைக் கொடு என்றும் சொல்லவில்லை. நம் நாட்டில் ஒரு டிடிஎச் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பழைய பெட்டி வெறும் தகரம். எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்தின் சேவையிலும் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. இன்றும் பெட்டிகள் மாற்றி மாற்றிக் குப்பைக்குத்தான் போகின்றன. பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளமே திறந்தது. அந்த உரிமையை ஸ்க்ரூ டிரைவரோடு நிறுத்தாமல் மென்பொருளுக்கும் நீட்டுவதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விற்பனைக்கு அனுமதி கேட்கும்போதே, ஆதரவு முடியும் தேதியையும் அன்று திறக்கப்போகும் வழியையும் நிறுவனம் எழுதிக் கொடுக்கட்டும்; தேதி வந்ததும் அதை வெளியிடட்டும். கோடிக்குத் தமிழ் இடைமுகத்தை மொழிபெயர்த்து வைத்திருப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் உழைப்பு ஏற்கெனவே தயார். அதை ஏற்றிக்கொள்ளக்கூடிய பெட்டிகளும் வீட்டுப் பரண்களில் தூசி படிந்து கிடக்கின்றன.