பெயரறியாதவனுக்கு ஒரு கல்

நண்பர் ஒருவருடன் மார்க்கத்திலிருந்து காரிற் புறப்பட்டு, ஒட்டாவாவிலுள்ள கனடியப் போர் நூதனசாலையைக் கண்டு வந்தோம். 2005 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் நினைவு மண்டபத்தில் இருப்பது ஒரேயொரு கல். முதலாம் உலகப் போரில் மாண்ட, பெயரறியாத கனடியப் போர்வீரன் ஒருவனுக்குப் பிரான்சில் நாட்டப்பட்டிருந்த கல்லறைக் கல் அது. ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆம் நாள் முற்பகல் 11 மணிக்குச் சூரியவொளி அதன்மீது விழுமாறு சாளரம் அமைத்துள்ளனர்.

திரும்பும் வழியில் நெடுநேரம் பேசாதிருந்த நண்பர், “போரில் இறந்த என் அண்ணனின் பெயர் என் மகனுக்குத் தெரியாது” என்றார்.

பெற்றோரே, பிள்ளைகள் மனம் வாடுமென்று நாம் காக்கும் மௌனம் பெயர்களையும் விழுங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரியில் இடிக்கப்பட்டது. ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. இடிந்த கல்லை மீண்டும் எழுப்பலாம். சொல்லாமற் போன பெயரை எவர் மீட்பார்?

மாணவச் செல்வங்களே, உங்கள் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் மாண்ட உறவினரின் பெயரையும் ஊரையும் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். பகை வளர்ப்பதற்கன்று, அவர்கள் பெயரறியாதவர் ஆகிவிடாதிருப்பதற்கே. நீங்கள் கற்கும் தமிழுக்கு இதனினும் உயர்ந்த பயன் வேறில்லை.