எந்தக் குரூப்பில் சேர்ப்பது?

பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியான மறுநாளே தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒரு பெரிய விசாரம் தொடங்கிவிடுகிறது. கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதிலேகூட இத்தனை ஆலோசனை நடைபெறுவதில்லை. மாமா ஒன்று சொல்கிறார். மாடி வீட்டுக்காரர் வேறொன்று சொல்கிறார். எதிர்வீட்டுப் பையன் சென்ற வருஷம் எந்தக் குரூப்பை எடுத்தானோ அதுவே உத்தமம் என்று பாட்டி தீர்ப்புக் கூறுகிறாள். கடைசியில் பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு விண்ணப்பத் தாளை வாங்கி, ஒரு கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். அந்தக் கோட்டைப் போட ஒரு நிமிஷந்தான் பிடிக்கிறது. அதன் பலனை நெடுங்காலம் அநுபவிக்க வேண்டியது பதினைந்து வயதுக் குழந்தை. வீட்டில் அபிப்பிராயம் கேட்கப்படாதவர் யாராவது உண்டென்றால், அநேகமாக அந்தக் குழந்தையாகவே இருக்கும்.

நம் முன்னோருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அவர்களுக்குப் பொறுக்கி எடுக்கும் உரிமையே மிகக் குறைவு. 1857-ஆம் வருஷம் சென்னையிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஸர்வகலாசாலைகளை ஸ்தாபித்த ஆங்கில ஆட்சியார், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்ற முறையில் பாடங்களைப் பரிமாறினார்கள். கும்பகோணத்து ராமானுஜன் 1904-ஆம் வருஷம் அவ்வூர்க் கவர்ன்மெண்டு காலேஜில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியிருந்து மற்றப் பாடங்களைக் கவனியாததால் அந்தச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து எப்.ஏ. பரீட்சைக்குப் போனார். 1906-லும் தேறவில்லை, 1907-லும் தேறவில்லை. சரீர சாஸ்திரம் முதலிய பாடங்கள் அவரைக் காலை வாரிவிட்டன. 1918-ஆம் வருஷம் லண்டன் ராயல் சொஸைட்டி தன் அங்கத்தினராக ஏற்றுக்கொண்ட கணித மேதைக்கு நம் ஊர்ப் பரீட்சை அளித்த மரியாதை இதுதான்.

இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. 1978-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தது முதல், பதினோராம் வகுப்பில் சேருகிறவர் இரண்டு பாஷைகளோடு நான்கு பாடங்கள் கொண்ட ஒரு தொகுதியைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். பௌதிகம், ரசாயனம், கணிதம், ஜீவசாஸ்திரம் சேர்ந்தது ஒன்று. ஜீவசாஸ்திரத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் உள்ளது இன்னொன்று. கணிதத்தை விட்டுத் தாவர சாஸ்திரமும் பிராணி சாஸ்திரமும் படிப்பது வேறொன்று. சரித்திரம், பொருளாதாரம், வாணிபம், கணக்குப் பதிவு ஆகியவை சேர்ந்த தொகுதிகளும், தொழிற் பிரிவுகளும் இருக்கின்றன. ராமானுஜனுக்குக் கிடைக்காத சுதந்திரம் நம் வீட்டுக் குழந்தைக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சுதந்திரத்தை நாம் எப்படி உபயோகிக்கிறோம்? அதிக மார்க் வாங்கியவருக்கு முதல் குரூப், நடுத்தரமானவருக்கு அடுத்தது, மிஞ்சியவருக்கு மூன்றாவது என்று பந்தி போட்டு உட்கார வைக்கிறோம். குழந்தையின் ருசி என்ன, பசி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

ரயிலில் பிரயாணம் செய்கிறவன் முதலில் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறான். பிறகு எந்த வண்டி அங்கே போகிறதென்று விசாரிக்கிறான். எந்த வண்டியில் கூட்டம் அதிகமோ அதில் ஏறுவோம் என்று யாரும் கிளம்புவதில்லை. குரூப் விஷயத்திலும் போக வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கி வருவதே சரியான வழி.

முதலில் வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பௌதிகமும் ரசாயனமும் ஜீவசாஸ்திரமும் வேண்டும், கணிதம் வேண்டியதில்லை. 2017-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டிலும் 'நீட்' பரீட்சையின் மார்க்கே இடத்தைத் தீர்மானிக்கிறது. அதன் மொத்தம் 720 மார்க்கில் சரி பாதியான 360 ஜீவசாஸ்திரத்துக்கு உரியது. டாக்டர் ஆவதே லட்சியம், கணிதமோ வேப்பங்காய் என்றிருக்கும் பெண், தாவர சாஸ்திரமும் பிராணி சாஸ்திரமும் உள்ள தொகுதியை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் வைத்தியக் கல்லூரியின் வாசல் குறுகியது. அதன் முன் நிற்கும் கூட்டமோ பெரிது. ஆதலால் அந்த வாசல் திறக்காவிட்டால் வேறு எந்த வாசல் என்பதையும் அன்றே யோசித்து வைக்க வேண்டும். இந்தத் தொகுதி படித்தவருக்கு நர்ஸிங் உண்டு, பார்மஸி உண்டு. கால்நடை வைத்தியமும் உண்டு. அதற்குத் தமிழ்நாட்டு மாணாக்கருக்குரிய இடங்களை 'நீட்' இல்லாமல் பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே நிரப்புகிறார்கள். இஞ்சினீயரிங் மட்டும் கிடையாது. கணிதமும் ஜீவசாஸ்திரமும் சேர்ந்த தொகுதி இரண்டு பக்கத்து வாசல்களையும் திறந்து வைக்கும் என்பது உண்மை. அதற்குக் கூலியாக, நான்கு பெரிய பாடங்களை இரண்டு வருஷம் சுமக்கத் தோள் வேண்டும்.

அடுத்து இஞ்சினீயரிங். 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் தமிழ்நாட்டில் நுழைவுப் பரீட்சை ஒழிந்தது. அண்ணா ஸர்வகலாசாலையைச் சேர்ந்த கல்லூரிகளில் இடம் கொடுப்பதற்கு 200-க்குக் கணக்கிடும் 'கட்-ஆப்' மார்க்கில் கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. நான்காவது பாடத்தின் மார்க் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. இங்கேதான் அநேகம் பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். கம்ப்யூட்டர் இஞ்சினீயர் ஆகவேண்டுமானால் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் ஸயன்ஸ் குரூப் எடுத்தாக வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. ஜீவசாஸ்திரம் படித்தவரும் கம்ப்யூட்டர் இஞ்சினீயரிங்கில் சேரலாம். கம்ப்யூட்டரில் ஆசையுள்ள பிள்ளை அதைப் படிக்கட்டும். ஜீவசாஸ்திரத்தைவிடச் சுமை குறைவு என்று எடுத்தாலும் நியாயமே. அதை எடுத்தால்தான் கல்லூரிக் கதவு திறக்கும் என்று எண்ணி எடுப்பது மட்டும் வீண்.

இந்தப் பாடங்கள் எல்லாவற்றிலும், விட்டபின் மீண்டும் பிடிப்பதற்கு மிகக் கஷ்டமானது கணிதம். அது இஞ்சினீயருக்கு மாத்திரம் வேண்டிய பாடமல்ல. டில்லி ஸர்வகலாசாலையில் பொருளாதார ஆனர்ஸ் படிக்க விரும்புகிறவர் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனத்தின் பி.ஸ்டாட். படிப்புக்கும் கணிதம் வேண்டும். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் தரைப்படைக்கு எந்தக் குரூப் படித்தவரும் போகலாம்; கடற்படைக்கும் விமானப் படைக்கும் பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் அவசியம். வாணிபப் பிரிவில் உள்ள வணிகக் கணிதத்தைக் கணிதமாகவே ஒப்புக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு, ஒப்புக்கொள்ளாத கல்லூரிகளும் உண்டு; விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது பெற்றோரின் கடமை. இதனால் கணிதம் பிடிக்காத குழந்தையைக் கட்டி இழுத்துப் போய்க் கணித வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இஞ்சினீயரிங் மார்க்கில் பாதி கணிதத்துக்கு உரியது. அதில் தள்ளாடும் பிள்ளைக்கு முதல் குரூப் என்ற கௌரவம் கிடைக்குமே தவிர, அவன் விரும்பிய கல்லூரி கிடைக்காது. கௌரவத்தைக் கொண்டு பீஸ் கட்ட முடியுமா?

இனி, அநியாயமாகத் தாழ்த்தப்பட்டிருக்கும் மூன்றாவது குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "என் பிள்ளை சரித்திரம் படிக்கிறான்" என்று சொல்லும்போது தகப்பனாரின் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது. ஏன் தணிய வேண்டும்? ஐந்து வருஷச் சட்டப் படிப்பில் எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம். 1949-ஆம் வருஷம் ஏற்பட்ட சார்ட்டர்டு அக்கவுண்டண்டு ஸ்தாபனம் தன் முதற் பரீட்சைக்குக் குரூப்பைக் கேட்பதில்லை. ஆனால் கணக்குப் பதிவைப் பள்ளியிலேயே படித்தவனுக்கு அங்கே பாதை பழகியிருக்கும். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சுதந்திர தேசத்துக்கு யந்திரம் ஓட்டுகிறவர்கள் மட்டும் போதுமா? 2015-ஆம் வருஷம் கீழடியில் அகழ்ந்து பார்க்கத் தொடங்கியபோது பூமிக்குள்ளிருந்து பழந்தமிழரின் வாழ்க்கையே வெளிப்பட்டது. பானை ஓட்டில் கீறிய எழுத்தைப் படித்துச் சொல்லவும், கோயிற் சுவர்களில் உள்ள சாஸனங்களை ஆராயவும் சரித்திரமும் பழந்தமிழும் கற்ற இளைஞர்கள் வேண்டாமா? கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் ஒரே பக்கம் அனுப்பிவிட்டு, நம் சரித்திரத்தை யாரும் எழுதவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. அந்நிய ஆட்சியில் கல்வி என்றால் குமாஸ்தா உத்தியோகத்துக்கு வழி என்று எண்ணினோம். குமாஸ்தாவின் இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியை வைத்துக்கொண்டால் மாத்திரம் நம் எண்ணம் உயர்ந்துவிடாது.

பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழைக் கைவிட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் மழையாகப் பொழியும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் பிரியம் கொண்டு படித்தால் நாம் மகிழ்ச்சியே அடைவோம். ஆனால் மேலே சொன்ன 200 மார்க்குக் கணக்கைத் தயவுசெய்து மறுபடியும் பாருங்கள். அதில் பாஷை மார்க்குக்கு இடமே இல்லை. 'நீட்' கணக்கிலும் இல்லை. அப்படியிருக்க, எந்த லாபத்துக்காகத் தாய்மொழியை விற்பது? அகில இந்தியப் பரீட்சைகளே தமிழை நாடி வந்துவிட்டன. 'நீட்' பரீட்சையையும், 2021-ஆம் வருஷம் முதல் ஜே.இ.இ. மெயின் பரீட்சையையும் தமிழிலேயே எழுதலாம்.

குரூப்பைத் தேர்ந்தெடுத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்துவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடச் செய்யும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்து வந்தது. அதைத் தடுக்கவே 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை ஏற்படுத்தினார்கள். 2025-26 முதல் அந்தப் பரீட்சையை எடுத்துவிட்டார்கள். குழந்தைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் 'நீட்', ஜே.இ.இ. பரீட்சைகள் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி கேட்கின்றன. ஆகையால் முதல் வருஷப் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்பதை இனிமேல் பெற்றோரே கண்காணிக்க வேண்டும்.

எவ்வளவு யோசித்துச் செய்தாலும் பதினைந்து வயதில் போட்ட கணக்குப் பிசகலாம். அதற்காக இடிந்துபோக வேண்டாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன் 1971-ஆம் வருஷம் பரோடாவில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறினார்; 1976-ல் அமெரிக்காவில் பௌதிகத்திலேயே டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பின்னரே ஜீவசாஸ்திரத்தில் நாட்டம் உண்டாகி, மறுபடியும் மாணாக்கராக உட்கார்ந்து அதைக் கற்றார். 2009-ல் அவருக்குக் கிடைத்ததோ ரசாயனத்துக்குரிய நோபல் பரிசு. பாதை மாறலாம். ஆனால் மாறுவதற்கு வேண்டிய ஆவலும் தைரியமும் சொந்த விருப்பத்துடன் படித்தவருக்கே உண்டாகின்றன.

ஆகவே, பள்ளிக்கூட ஆபீஸுக்குப் புறப்படுவதற்கு முன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். குழந்தையின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, தான் படிக்க விரும்பும் மூன்று படிப்புக்களை யாருடைய உதவியும் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்றுக்கும் எந்தப் பாடங்கள் தேவை என்று அந்தந்த ஸ்தாபனம் இவ்வருஷம் வெளியிட்டுள்ள விதிகளையே பாருங்கள். விதிகள் மாறுவதுண்டாகையால் சென்ற வருஷத்துக் கேள்வி ஞானம் உதவாது. பிறகு, நீங்கள் நினைத்த குரூப்புக்கு அந்தப் பள்ளியில் தகுந்த உபாத்தியாயர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பெயர்ப் பலகையில் குரூப் இருந்து, வகுப்பில் உபாத்தியாயர் இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்?

இவற்றைச் செய்த பிறகு மாமாவையும் மாடி வீட்டுக்காரரையும் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் விண்ணப்பத்தில் கோடு போடும் பேனா மட்டும், படிக்கப் போகிற குழந்தையின் கையிலேயே இருக்கட்டும்.