எந்தக் கைடைத்தானுங்க வாங்கறது?

ஏனுங்க, தமிழ்ல பரீட்சை வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு, அந்தப் பரீட்சைக்கு உண்டான புஸ்தகத்தைத் தமிழ்ல போடத் தெரியாதுங்களா?

நான் சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டறவன். எம் பொண்ணு அரசுப் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம், ப்ளஸ் டூ. நீட்டுல கெமிஸ்ட்ரிக்கு மட்டும் 45 கேள்வி, 180 மார்க். தப்பாப் போட்டா உள்ளதுலயும் ஒண்ணு போயிரும். ஒரு நல்ல கைடா வாங்கிக் குடுத்தரலாம்னு டவுன்ஹால், உக்கடம்னு கடை கடையா ஏறி இறங்கினம். போற பக்கமெல்லாம் ஒரே பேச்சு: "கைடு எதுக்கு அம்மணி? என்சிஇஆர்டி புஸ்தகத்தை வரி விடாமப் படி, போதும்." லட்சக்கணக்குல பீஸ் கேக்கற கோச்சிங்காரரும் அதையேதான் சொல்றாரு. சரி, அதைக் குடுங்கன்னா இங்கிலீசுல இருக்குது, இந்தியில இருக்குது, உருதுல இருக்குது. தமிழ்ல அவங்க போடறதே இல்லீங்களாமா! பரீட்சை மட்டும் 13 மொழியில.

நம்ம கவர்மென்ட் புஸ்தகம் இருக்குதேம்பீங்க. நல்ல புஸ்தகந்தான், குறை சொல்லலீங்க. ஆனா ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில மொதப் பாடமே உலோகவியல். அதையும் திடநிலைமையையும் புறப்பரப்பு வேதியியலையும் 2024லயே நீட்டுல இருந்து எடுத்துட்டாங்க. பப்ளிக் பரீட்சைக்கு அத்தனையும் படிச்சே ஆகோணும். உக்கடத்துல பழைய கைடு ஒண்ணைப் புரட்டினா உலோகவியல்ல வர்ற நுரை மிதப்பு முறைக்கே பக்கம் பக்கமா ஒதுக்கியிருக்குது. முன்னால வெச்சிருந்த புள்ள பென்சில்ல கோடு போட்டு, ஓரத்துல 'முக்கியம்'னு வேற எழுதியிருக்குது. இன்னைக்கு எம் பொண்ணுக்கு அது நீட்டுக்கு ஆகாது. புதுசு வாங்கலாம்னா ஒரு வாரக் கூலி. அதுவும் பாதிக்கு மேல இங்கிலீசு.

2018ல என்ன நடந்துதுன்னு மறந்துட்டீங்களா? நீட் தமிழ்க் கேள்வித்தாள்ல 49 கேள்வி தப்புன்னு வழக்குப் போட்டு, மதுரை ஹைகோர்ட்டு 196 மார்க் குடுக்கச் சொல்லுச்சு. சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பையே ரத்துப் பண்ணிருச்சு. மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீசுல இருக்கறதுதான் செல்லுங்கறாங்க. அப்பறம் எங்க புள்ளைகளுக்கு எதுக்குங்க தமிழ்ல ஒரு தாளு?

பத்து வருசம் ப்ளஸ் டூ மார்க்கை வெச்சே டாக்டர் சீட்டுக் குடுத்த ஊருதானுங்க இது. இப்ப அரசுப் பள்ளிப் புள்ளைகளுக்குன்னு 7.5 சதவீதம் ஒதுக்கீடு தந்திருக்கறாங்க, நன்றிதான். ஆனா அந்த வாசலுக்குப் போறதுக்கும் நீட்டுல தேறோணுமே! நீட்டே வேண்டாம்னு 2021ல சட்டசபையில மசோதா நிறைவேத்தினாங்க, டெல்லி ஒத்துக்கலை. சென்னையும் டெல்லியுமா நீங்க ரெண்டு பேரும் எத்தனை வருசம் வேணாலும் மல்லுக்கட்டுங்க. அதுக்குள்ள என்சிஇஆர்டியோட ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியைத் தமிழ்ல அச்சடிக்க வேண்டாம்னு உங்க கையை யாரு புடிச்சா? ஓசியில கேக்கலீங்க. காசு குடுத்து வாங்கிக்கறம்.